கேட்டவர் கையொப்பம்

என் செல்ல மகளும், வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஐந்து வருடமாக ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவளுமான (சென்ற மாதம் அந்த ஒரு திங்கட்கிழமை நீங்கலாக; அதற்குப் பொறுப்பு நான்) பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உன் அம்மாவும் நீ மறந்துவிட்டுப் போன குடையும் சௌக்கியம். அங்கு நீ சௌக்கியம் என்பதை, உன் அம்மா பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னோடு பேசும்போது சமையலறை ஜன்னல் வழியாக வந்த அரைகுறைப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துவிடாதே. தண்ணீர் குடிக்கப் போனேன். நேற்று ஒன்பது தடவை தாகம் எடுத்தது, அவ்வளவுதான். நீ என்னோடு பேசி இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடி எடுக்கிறேன். நீ "அம்மா இருக்காங்களாப்பா?" என்கிறாய். நான் "இருக்காங்க" என்கிறேன். இதைப் பேச்சு என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. ஆகவே இந்தக் கடிதம். இதில் ஒரு அறிவுரையும் கிடையாது என்று தொடக்கத்திலேயே உறுதி கூறுகிறேன்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் பின்னணி இல்லாத அறிக்கை அறிக்கையே அல்ல. அன்று ஞாயிற்றுக்கிழமை, உனக்கு நாலு மணி பஸ். மூன்று இருபதுக்கே உன்னைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். நாற்பது நிமிடம் சும்மா நிற்பானேன் என்று, நேரம் தவறாமை பற்றி நாலு வார்த்தை சொல்லத் தொடங்கினேன். நாலு வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது. நீ நடுவில் ஒரு தடவை "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாய், நான் "இரு, இதை முடிச்சுடறேன்" என்றேன். அப்புறம் நீ "அப்பா, பஸ்" என்றாய், நான் "பஸ் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றேன். கண்டக்டர் படியில் நின்றுகொண்டு "சார், அந்தப் பொண்ணு ஏறணுமா, வேணாமா?" என்று கத்தினார். "ஒரு நிமிஷம்ப்பா, நேரத்தோட அருமையைப் பத்திச் சொல்லிட்டிருக்கேன்" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பஸ் போய்விட்டது. நான் பையைத் திறந்து பதிவேட்டை எடுத்து நீட்டினேன். நீ வாங்கி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எழுதி, மூடிக் கொடுத்தாய். கொடுத்துவிட்டுத்தான் அதைச் சொன்னாய். "போதும்பா உங்க ஹோமிலி." அடுத்த பஸ் இரண்டரை மணி நேரம் கழித்து வந்தது. அதுவரை நீ அந்தப் பக்கத்து பெஞ்சில், நான் இந்தப் பக்கத்து பெஞ்சில். ஏறும்போது கையாட்டினாய், திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவேடு என்றதும் உனக்குச் சலிப்பு வரும், எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். தினமும் காலை ஷிப்ட் தொடங்கும் முன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். கத்தி ஓடுகிற இடத்தில் கையை விடாதே, ரோலர் பக்கம் தொளதொளச் சட்டையோடு போகாதே, பசை கொட்டினால் உடனே துடை. பேசி முடித்ததும் பதிவேட்டை நீட்டுவேன். அதில் நாலு கட்டம்: தேதி, பேசிய பொருள், பேசியவர், கேட்டவர் கையொப்பம். கையெழுத்து வாங்காத பேச்சு பேசாத பேச்சு, அதுதான் எங்கள் தொழில் விதி. நாளைக்கே ஒருவன் விரலை விட்டுக்கொண்டு 'யாரும் சொல்லலையே' என்று சொல்லிவிடக் கூடாது பார். முப்பத்தொரு வருடத்தில் எங்கள் ஆலையில் ஒரு விரல்கூடப் போகவில்லை. அந்த மமதை எனக்கு அப்போதே ஏறியிருந்ததால்தான், நீ இரண்டாம் வகுப்பு போன அன்று, வீட்டுக்கும் ஒரு பதிவேடு போட்டேன். முதல் நாள் பொருள், சாலையைக் கடப்பது. நாக்கைத் துருத்திக்கொண்டு உன் பெயரை எழுதிக் கட்டத்தை நிரப்பினாய். உன் அம்மாவிடமும் நீட்டினேன். அவள் கையெழுத்துக்குப் பதிலாகச் சூடான பால் பாத்திரத்தை அதன்மேல் இறக்கி வைத்தாள். அந்த வட்டம் இன்னும் அட்டையில் இருக்கிறது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன், இது பின்னால் வேண்டியிருக்கும். நீ 'ரோலர் மாமா' என்று கூப்பிடுவாயே, ரோலர் மெஷின் ஓட்டியவர், அவர் செய்த காரியம். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் ஆலைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து நிமிர்ந்து, "இங்க 'ஃபேன் ஓடலை'ன்னு யாருக்குங்க பேரு?" என்று என்னைக் கேட்டார். பார்த்தால், ஆறு மாதமாக ரோலர் மாமாவின் கையெழுத்துக் கட்டத்தில் 'ஃபேன் ஓடலை', 'இன்னும் ஓடலை', 'வேர்த்து ஊத்துது சார்' என்றே எழுதியிருக்கிறது. நான் தினமும் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடியிருக்கிறேன். எனக்கு மானம் போயிற்று. அவரைக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போடுற இடத்துல என்னய்யா இது?" என்று சத்தம் போட்டேன். அவர் அசரவே இல்லை. "பத்து நிமிஷமும் நீங்களே பேசுறீங்க சார். எங்களுக்குன்னு அந்த ஒரு கட்டத்தைத்தானே விட்டு வெச்சிருக்கீங்க" என்றார். திமிருக்கு உதாரணமாக இதை வீட்டில் சொன்னேன். உனக்கு அப்போது எட்டு வயது. விழுந்து விழுந்து சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். எனக்கு என்ன சிரிப்பு என்று புரியவில்லை.

சரி, ஹோமிலிக்கு வருகிறேன். எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. நீ சொன்ன தொனியில் அது பாராட்டு இல்லை என்று மட்டும் தெரிந்தது. உன் அம்மாவிடம் கேட்டேன். "அர்த்தம் எனக்கும் தெரியாதுங்க. ஆனா உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு" என்றாள். இப்படி ஒரு சகதர்மிணி! விடுவேனா? வீட்டில் ஆங்கில அகராதி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் சிக்கல். பதினெட்டு வருடமாகப் பீரோவின் குட்டைக் காலுக்கு அடியில் இருக்கிறது. 'பாரத்தைத் தாங்கும் பொருளை ஒருபோதும் உருவாதே' என்பது என் ஏழாவது பாடம், ஆலையில் முந்நூறு தடவையாவது பேசியிருப்பேன். ஆனால் கோபம் பாடத்தையா பார்க்கும்? குனிந்து, பிடித்து, ஒரே இழு. பீரோ என் பக்கம் சாய்ந்தது. நான் யானைப் பலத்தோடு தாங்கிப் பிடித்துவிட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பீரோவின் உச்சியில் என் மஞ்சள் தலைக்கவசம் இருந்தது, நான் ஓய்வு பெற்ற அன்று ஆட்கள் எல்லாரும் பெயர் எழுதிக் கொடுத்தது. அது உருண்டு வந்து நேராக என் இடது கால் கட்டைவிரலில் இறங்கியது. முப்பத்தொரு வருடம் விபத்தே இல்லாத என் தொழில் வாழ்க்கையின் முதல் விபத்து, காரணம் தலைக்கவசம். உன் அம்மா ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டாள். பிறகுதான் "ஐயோ, ரத்தமா?" என்று கேட்டாள். வரிசையைக் கவனித்துக்கொள். அகராதியைத் திறந்தால், வருடக்கணக்காகத் தரை துடைத்த தண்ணீர் ஊறி, ஜி முதல் கே வரை ஒரே செங்கல்லாக ஒட்டிக்கிடக்கிறது. பீரோ ஆடியதால் உன் அம்மா கைக்குக் கிடைத்ததை எடுத்து அடியில் திணித்தாள். கிடைத்தது உன் பதிவேடுகள். மொத்தம் பதினொன்று, அதில் நாலு போயிற்று. "அதே கனம்தாங்க" என்றாள்.

விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்ததும் டாக்டரிடம் போனோம். இளவயதுக்காரர், கெட்டிக்காரர்தான். ஆனால் வாயைத் திறந்தார் பார், மூடவே இல்லை. இந்த வயதில் பாரம் இழுக்கலாமா, கண் பார்வை எப்படி, தினமும் நடக்கிறீர்களா, உப்பு குறைத்தீர்களா, தூக்கம் எத்தனை மணி நேரம். எல்லாம் நல்ல விஷயம்தான். ஒவ்வொன்றுக்கும் அவரே பதிலும் சொன்னார். பேசிக்கொண்டே என் வலது காலை எடுத்து மடியில் வைத்து, நகத்துக்கு மருந்து தடவி, பஞ்சு வைத்து, அழகாகக் கட்டுப் போட்டார். நான் "டாக்டர்" என்றேன். "பேசாதீங்க, முதல்ல கேளுங்க" என்றார். நான் "இல்லை, அது வந்து" என்றேன். "அதான் சொல்றேனே" என்றார். எனக்கு வலித்தது இடது கால். பதினைந்து நிமிடம் ஒரு மனிதருக்கு எதிரே உட்கார்ந்து 'அந்தக் கால் இல்லை, இந்தக் கால்' என்ற ஐந்து சொல்லைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை பாப்பா. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. வெளியே வந்து, "ஏன்டி நீயாவது சொல்லக் கூடாது?" என்று கேட்டேன். "எப்படி இருக்குன்னு உங்களுக்கும் தெரியட்டுமேன்னுதான்" என்றாள். பிறகு அவளே உள்ளே போய்ச் சொல்லி இடது காலுக்கும் கட்டுப் போட வைத்தாள்.

இரண்டு காலிலும் கட்டோடு மறுநாள் நூலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு நூலகர் அம்மா இருக்கிறார், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். உயரத் தட்டிலிருந்து புத்தகம் எடுக்க ஏணியில் நின்றுகொண்டிருந்தார். ஏணியின் காலில் ரப்பர் இல்லை. கண்ணால் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? ஏணிக்கு ரப்பர் எதற்கு, சாய்மானம் எவ்வளவு இருக்க வேண்டும், மேல் இரண்டு படியில் ஏன் நிற்கக் கூடாது என்று கொஞ்சம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, இறங்கி, மேஜைக்குப் போய் உட்கார்ந்து, புத்தகம் ஒன்றுக்கு அட்டை போட்டு முடித்து, "சரி சார், நீங்க எதைத் தேடி வந்தீங்க?" என்றார். "ஹோமிலின்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியணும்" என்றேன். "அதைத்தானே சார் இவ்வளவு நேரம் பண்ணிட்டிருந்தீங்க" என்றார்.

இருந்தாலும் நல்ல மனுஷி. மூன்று தடிப் புத்தகங்களை எடுத்துப் போட்டார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இதைக் கேள், ஒரு வார்த்தை எங்கெல்லாம் போய் அடிபட்டு வந்திருக்கிறது! முதலில் கிரேக்க மொழியில், கூட்டத்துக்கு ஒரு சொல். அதிலிருந்து 'ஹொமிலியா' என்று ஒன்று பிறந்தது. என்ன பொருள் தெரியுமா? கூடிப் பழகுவது, ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. சண்டை இல்லை, சலிப்பு இல்லை, சும்மா உட்கார்ந்து பேசுவது. பிறகு தேவாலயத்தார் அதை எடுத்துக்கொண்டார்கள். வேதம் வாசித்த பிறகு, வந்திருக்கும் சனங்களுக்குப் புரிகிற எளிய பேச்சில் குருவானவர் விளக்கிச் சொல்வதற்கு அந்தப் பெயர் வந்தது. லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய், அங்கே தலையில் இருந்த ஹகரத்தைத் தொலைத்து, அந்த மொட்டைத் தலையோடு ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. படித்தவர்கள் பார்த்துப் பரிதாபப்பட்டு ஹகரத்தைத் திரும்ப ஒட்டினார்கள். சொந்தமாகப் பேச வராத குருமார் பார்த்து வாசிக்க அச்சடித்த உரைகளும் வந்தனவாம். எங்கள் ஆலைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து வருமே, மாதம் ஒரு கட்டு, அதே போல. அப்புறம்தான் வினை. கேட்டுக் கேட்டுச் சனங்களுக்குக் கொட்டாவி வந்திருக்கிறது. 'சலிப்பூட்டும் நீதிப்பேச்சு' என்று இன்னொரு பொருளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே தேவாலயப் பேச்சுக்குச் சர்மன் என்று இன்னொரு வார்த்தை இருக்கிறதே, அதுவும் லத்தீனில் சாதாரணப் பேச்சு, உரையாடல் என்றுதான் தொடங்கியிருக்கிறது. நம்முடைய பிரசங்கம் மட்டும் என்ன? வடமொழியில் அதற்குத் தொடர்பு, சேர்க்கை என்றெல்லாம் பொருள் இருக்கிறதாம். இதைப் படித்ததும் எனக்கு ஒன்று சுருக்கென்றது. நீ சின்ன வயதில் நடுவில் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'அதிகப்பிரசங்கி' என்று அடக்குவேனே. பிரசங்கம் பண்ணியவன் நான், பட்டம் வாங்கியவள் நீ.

ஆனால் அந்தச் சுருக்கு நிற்கவில்லை, மறுபடி மமதை ஏறிவிட்டது. நூலகர் அம்மாவிடம், "பாத்தீங்களா? என் பொண்ணு என்னைத் திட்டலை. உரையாடல்னுதான் சொல்லியிருக்கா!" என்று துள்ளினேன், இரண்டு கால் கட்டோடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆதியில ரெண்டு பேரும் பேசியிருக்காங்க சார். அப்புறம் ஒருத்தர் மட்டும் பேச ஆரம்பிச்சுட்டார். வார்த்தை என்ன பண்ணும், பாவம்" என்றார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. உனக்கு எதிராக ஒரு வாதம் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன். தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன்: 'ஹோமிலி என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பு, பதினான்கு பகுதிகளில்.'

மறுப்புக்கு ஆதாரம் வேண்டாமா? நான் உனக்கு எவ்வளவு பயனுள்ள விஷயங்களைச் சொல்லியிருக்கிறேன் என்று தேதி வாரியாகப் பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தேன். பீரோவை உன் அம்மா தூக்கிப் பிடிக்க, நாலு பதிவேடுகளையும் உருவினேன். (ஏழாவது பாடத்தின்படி, முதலில் மரக்கட்டை வைத்துவிட்டுத்தான்.) ஒன்று கை தவறித் தரையில் விரிந்தது. எடுக்கக் குனிந்தேன். பொருள், 'சைக்கிள் ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை.' பக்கத்தில், கேட்டவர் கையொப்பம் என்ற கட்டத்தில், பொடிப்பொடி எழுத்தில், 'இன்னைக்கு பிரேக் பிடிக்காம விழுந்துட்டேன். முட்டி வலிக்குது.'

பாப்பா, நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பொருள், 'பல் பாதுகாப்பு.' கட்டத்தில், 'உங்க சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க.' பொருள், 'நல்ல நண்பர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' கட்டத்தில், 'என்கூட யாரும் சாப்பிட உட்கார மாட்டேங்கறாங்க.' பொருள், 'தேர்வில் பதற்றம் தவிர்த்தல்.' கட்டத்தில், 'பதறுது.' பொருள், 'காலத்தின் அருமை, ஒரு மணி பத்து நிமிடம்.' கட்டத்தில், 'இன்னைக்கு என் பொறந்த நாள்ப்பா.' ரோலர் மாமா கதையைச் சொன்னேனே, அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தொடங்கியிருக்கிறாய். அதற்கு முன்னால் உன் பெயர்தான் இருக்கிறது, வட்ட வட்டமாக. அதற்குப் பின்னால் ஒரு இடத்தில்கூடக் கையெழுத்தே இல்லை. பதினெட்டு வருடம்! ஒரு வருடம் முழுக்க 'அப்பா, இதைப் படிச்சா ஐஸ்கிரீம் வாங்கித் தரணும்' என்று எழுதியிருக்கிறாய். வாராவாரம் அதேதான். கடைசியில், 'ஐஸ்கிரீம்கூட வேணாம். படிச்சா போதும்.' நான் ஒவ்வொரு தடவையும் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்து, திருப்தியாகப் பேனாவை மூடியிருக்கிறேன். என்னை எதால் அடிப்பது, சொல்.

கடைசியாக, பஸ் நிலையத்தில் நீ அதிக நேரம் எழுதியதை எடுத்தேன். பொருள், 'நேரம் தவறாமை.' கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி, மேலே சுற்றி எழுதியிருக்கிறாய். 'அப்பா, ஒரு நாளைக்கு அறுபது பேர் சொல்றதைக் கேக்கறேன். நான் சொல்றதைக் கேக்க ஒருத்தர் வேணும்னுதான் ரெண்டு நாள் லீவு போட்டு வந்தேன். பஸ் போயிடுச்சு.'

நான் அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. உன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன். "அவ ஒன்பதாவது படிக்கும்போதே எனக்குத் தெரியும். நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம்மா, அப்பாவே ஒரு நாள் படிப்பாரு, அப்போ எப்படி முழிக்கிறாருன்னு பாக்கணும்னா" என்றாள். முழித்துக்கொண்டிருக்கிறேன் பாப்பா. நேரில் பார்க்க உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்று மதியம் பதினொரு பதிவேட்டையும் ஒரு கட்டம் விடாமல் படித்தேன். உன்னை வளர்த்தவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எப்படி வளர்ந்தாய் என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே மறுப்பை வாபஸ் வாங்குகிறேன். நீ சொன்ன வார்த்தையின் பின்னாளைய அர்த்தம் எனக்குப் பொருந்தும், முழுக்கப் பொருந்தும். ஆதி அர்த்தத்துக்குத் திரும்ப முடியுமா என்று ஒரு தடவை முயன்று பார்க்கிறேன். கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு பதிவேடு வாங்கிக் கோடு போட்டிருக்கிறேன். அதே நாலு கட்டம். பேசியவர் என்ற இடத்தில் எல்லா வரியிலும் உன் பெயரை எழுதிவிட்டேன். கேட்டவர் கையொப்பம், நான். பேசிய பொருள் காலி. அன்று நீ என்ன சொல்ல வந்தாய் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஊகித்தால் உடனே அதற்கு ஒரு அறிவுரை முளைத்துவிடும், என்னை எனக்குத் தெரியும். நீ போன் செய்து என்னிடம் சொல். அம்மாவிடம் சொல்லி, அதை நான் ஜன்னல் வழியாகக் கேட்பது போதவில்லை. பாதிதான் விழுகிறது. உன் குரலை முழுசாகக் கேட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது. வீடு நன்றாக இல்லை.

குறைவில்லாத ஆரோக்கியமும், உன் பேச்சுக்குக் காது கொடுக்கும் மனிதர்களும் உனக்கு எந்நாளும் அமைய வேண்டும் என்று உச்சி முகர்ந்து ஆசீர்வதிக்கிறேன். அந்த மனிதர்களில் முதல் ஆளாக இருக்க விண்ணப்பித்து,

உன் அப்பா.

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உன் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். முடித்ததும், "அவளைப் பேச விடறேன்னு சொல்றதுக்குப் பதினாலு பக்கமா?" என்றாள். எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பதினான்கு. "கிரேக்கம் வேற, லத்தீன் வேற" என்றாள். அவள் சொல்வது நியாயம். ஆகவே இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பவில்லை. போனில் ஒரே ஒரு வரி மட்டும் அனுப்பியிருக்கிறேன்: 'பாப்பா, கட்டத்தைப் படிச்சுட்டேன். எல்லாக் கட்டத்தையும்.' அகராதியை வெயிலில் காயப் போட்டிருக்கிறேன், பதிவேடுகளை இனி எங்கும் திணிக்க நான் விட மாட்டேன். பதினான்கு பக்கத்தையும் நாலாக மடித்துப் பீரோவின் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். அதே கனம். ஆடவே இல்லை.

இன்னொரு பின்குறிப்பு, மறுநாள் காலை: உன் அம்மா பீரோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சீக்கிரம் எழுதச் சொல்கிறாள். நீ எட்டு மணிக்குப் போன் செய்தாய். "அம்மா இருக்காங்களா?" என்று கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினாய். நான் 'ம்' சொன்னேன். ரோட்டில் நடந்துகொண்டே பேசுகிறாய் என்று ஹாரன் சத்தத்தில் தெரிந்தது. வாயைத் திறந்தேன். உன் அம்மா எதிரே நின்று என்னையே பார்த்தாள். மூடிக்கொண்டேன். யாரோ ஒரு பெரியவர் தினமும் உங்கள் கம்பெனிக்குப் போன் செய்கிறாராம், மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறதாம், பேச ஆள் இல்லையாம். நாலு நிமிடத்தில் முடிக்க வேண்டிய அழைப்பை நீ இருபத்தேழு நிமிடம் கேட்டாயாம், அதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்களாம். "அவர் பேசுறப்ப உங்க ஞாபகம் வந்துச்சுப்பா, போனை வெக்க மனசு வரலை. நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டாய். பாப்பா, இத்தனை வருடத்தில் நீயாக என்னிடம் கேட்ட முதல் அறிவுரை அது. என்னிடம் நாற்பது நிமிடத்துக்குச் சரக்கு இருந்தது. "இல்லம்மா" என்றேன். நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "கையெழுத்துப் போட்டுட்டீங்களாப்பா?" என்று சிரித்தாய். சனிக்கிழமை வருகிறேன் என்றாய். புதுப் பதிவேடு மேஜைமேல்தான் இருக்கும். முதல் வரி நிரம்பிவிட்டது. நீ வந்ததும் கேட்டவர் கையொப்பம் என்ற கட்டத்தை மட்டும் பார். அதில் என் கையெழுத்து இல்லை. 'இதைப் படிச்சா ஐஸ்கிரீம்' என்று எழுதியிருக்கிறேன்.